அப்பாவுக்கு ஒரு நட்சத்திரம்

பிப்ரவரி.
வெப்பமானி மைனஸ் முப்பத்தாறில் நின்றுவிட்டது,
டானிலோ முப்பத்தாறாம் பக்கத்தில்.

பின்னக் கணக்கு.
மூன்று வாரமாக அதே பக்கம்.
ஓரத்தில் அவன் வரைந்த டிராக்டருக்குக்
கலப்பை பூட்டியாகிவிட்டது,
ஓட்டுகிறவனுக்குத் தொப்பியும் வந்துவிட்டது.

ஓரிசியா இருட்டோடு கிளம்பி
யார்க்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள்.
பனி உருகும்வரை எனக்கு வயல் இல்லை.
ஆகவே நான் வாத்தியார்,
சாப்பாட்டு மேசை வகுப்பறை.
நாய் மட்டும் தினமும் 'உள்ளேன் ஐயா'.

செப்டம்பரில் எப்படி இருந்தோம்!
புதுப் பென்சில் வாசனையில்
மூன்று பேரும் ஒரு மாதம்
புத்திசாலிகளாக இருந்தோம்.
அக்டோபரில் தங்க ஸ்டிக்கர் வாங்கினேன்.
நவம்பரில் சாக்லேட்.
டிசம்பரில் ஸ்னோமொபைலில் ஒரு சுற்று.
ஜனவரியில் கத்தினேன்.
அதற்குக் காசு ஆகாது என்று நினைத்தேன்.

"இதெல்லாம் எதுக்குப்பா?"
நான் சொன்ன பதில்கள் அத்தனையும்
என் அப்பா என்னிடம் சொன்னவை.
அவருக்கே பலிக்காதவை.

ஒரு திங்கட்கிழமை
குளிர்பதனப்பெட்டிக் கதவில்
ஹாலியா ஒரு அட்டவணை ஒட்டினாள்.
எட்டு வயதுக் கையெழுத்து.
மாணவர் பெயர்: அப்பா.
கத்தாமல் இருந்தது.
கேள்வியை முழுசாகக் கேட்டது.
தெரியாததைத் தெரியாது என்றது.
பக்கத்தில் கட்டங்கள்,
அக்டோபரில் மிஞ்சிய நட்சத்திரங்கள்.

திங்கள், ஒன்றுமில்லை.
செவ்வாய், ஒன்றுமில்லை.
அறுவடை இயந்திரத்தைக்
கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன்,
நாற்பத்துமூன்று வயது,
காப்பிக்கு எழும்போதெல்லாம்
அந்தக் காலிக் கட்டங்களை
ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்.
"ரொம்பக் குளிர்ற அன்னிக்கு மட்டும்
மிதிச்சா பனி ஏம்பா கிறீச்சுங்குது?"
வாயைத் திறந்தேன்.
எதையோ சொல்லிச் சமாளிக்க
ஒரு வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது.
விழுங்கினேன்.
தெரியாது.
அவள் நாற்காலி இழுத்துப்போட்டு ஏறி
கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள்.
ஒன்றே ஒன்று. மின்னியது.
இரவு தண்ணீர் குடிக்கப் போனவன்
இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

வியாழன்.
"நிலா ஏன் தேயுது?"
தெரியாது, என்றேன் சட்டென்று.
அவள் ஸ்டிக்கரை எடுக்கவில்லை.
"ஆரஞ்சும் டார்ச்சும் வச்சு
நீதானே காட்டின?"

டானிலோவின் பென்சில் நின்றது.
அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.
"ஸ்டாருக்காகப் பொய் சொல்றார்" என்றான்.
பிறகு, கொஞ்சம் தாழ்ந்து,
"நானும்தான். நவம்பர்ல.
பின்னாடி விடையைப் பார்த்துத்தான் எழுதினேன்."

குளிர்பதனப்பெட்டி முனகியது.
யாரும் யாரையும் திட்டவில்லை.
அட்டவணையை ஹாலியாவே உரித்தெடுத்தாள்.
நட்சத்திரம் மட்டும் வரவில்லை, கதவோடு இருந்துவிட்டது.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
வகுக்கும்போது தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு,
எனக்கும் அவ்வளவுதான் சொன்னார்கள்.
ஏன் திருப்பணும்?
நான் கேட்டதே இல்லை என்றேன்.
இந்த முறை நிஜமாகவே.
அவன் டிராக்டரைப் பார்த்தான்.
நம் நிலம் முக்கால் சதுர மைல்.
ஒரு நாளைக்கு அரைக்கால் விதைத்தால்?
முக்காலுக்குள் எத்தனை அரைக்கால்?
கோடு கிழித்தான், அழித்தான், கிழித்தான்.
"ஆறு நாள்.
மழை பிடிச்சுக்கிட்டா தெரியாது."

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது
என்று எழுத எனக்கும் ஆசைதான்.
வெள்ளிக்கிழமை இரண்டு கணக்குப் போட்டான்.
சனிக்கிழமை புத்தகத்தையே தொடவில்லை.
திங்களன்று டிராக்டருக்குப் பின்னால்
ஒரு டிரெய்லர் முளைத்தது.

"யாரோட ஸ்டார் இது?"
சீருடையோடு நின்று கேட்டாள் ஓரிசியா.
"பனியோடது" என்றாள் ஹாலியா.
பனி ஏன் கிறீச்சிடுகிறது,
இன்னும் யாரும் தேடிப் பார்க்கவில்லை.
ஒரு நிமிட வேலை.
இருந்தும், கை போகவில்லை.

இன்று விடியுமுன்
வாசலில் பூட்ஸ் சத்தம்.
யாரும் எழுப்பவில்லை அவனை.
ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
வெப்பமானியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான்.
ஓர் அடி.
நிற்கிறான், தலையைச் சாய்த்து.
இன்னோர் அடி.

மேசைமேல் முப்பத்தாறாம் பக்கம்
திறந்தபடி கிடக்கிறது.
கிடக்கட்டும்.